மூன்றாவது பிளக்

மலையடிவாரத்து என்காவ்காவ் ஸ்டேஷனில் டாக்ஸி ஏற வருகிறவர்கள் டிரைவரின் முகத்தைப் பார்த்துத்தான் ஏறுவார்கள். என் வண்டிக்கு வருகிறவர்கள் மட்டும் பானட்டைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய மாதங்களில் என் வண்டிக்கு அப்படி ஒரு பேர் வந்துவிட்டது.

சமதளத்தில் ஒழுங்காகவே ஓடும். எம்ப்ரேசோவுக்குப் போகிற மலைப்பாதையில் ஏறி, பாரம் பின்னால் இழுக்க ஆரம்பித்ததும் உதறத் தொடங்கும். ஸ்டீயரிங் நடுங்கும், சீட் நடுங்கும், பின்னால் உட்கார்ந்திருக்கிற அம்மாக்களின் மடியில் தக்காளிக் கூடை நடுங்கும். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இழுவை இருக்காது. இஞ்சின் விட்டுவிட்டு எரிகிற மிஸ்ஸிங். அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

"டிரைவர், இது காரா, மக்காச்சோளம் அரைக்கிற மெஷினா?"

"பின்கண்ணாடியில பொறுமைன்னு எழுதியிருக்கான் பாரு. நான்தான் படிக்காம ஏறிட்டேன்."

சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது எவ்வளவு களைப்பான வேலை என்பது டாக்ஸி ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

ஒரு புதன்கிழமை சிரிப்பு நின்றுபோனது. மலையின் மிகச் செங்குத்தான வளைவில் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. நின்றதோடு விடாமல் பின்னால் உருள ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துப் பிடித்தேன். பின்சீட்டில் இருந்தவர்களில் ஒருவர் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். மீதிப் பேர் சேனைக்கிழங்கு மூட்டைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தே மேலே போனார்கள். போகிற வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே போனார்கள். அந்த வளைவில் எது உருண்டாலும் கீழே போய்ச் சேர நேரமாகும். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

நான் ஸ்டேஷனுக்குத் திரும்புவதற்குள் செய்தி எனக்கு முன்பே அங்கே வந்துவிட்டது. டிரைவர்கள் சங்கத் தலைவர் நியார்க்கோ பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தார். அவர் இடம் கொடுத்தாலே விஷயம் நல்லதில்லை என்று அர்த்தம்.

"சாச்சி, உன்மேல எனக்குக் கோவம் இல்லப்பா. ஆனா ஈஸ்டருக்கு அக்ராவிலிருந்து ஊரே திரும்பி வரும். அந்தக் கூட்டத்தை உன் இருமல்காரனை நம்பி மேல அனுப்ப மாட்டேன்."

"சரி பண்ணிடறேன் தலைவரே."

"போன மாசமும் இதைத்தான் சொன்னே. குருத்தோலை ஞாயிறு வரைக்கும் பொறுக்கறேன். மறுநாள் காலையில நானே உன் முன்சீட்டுல ஏறுவேன். வண்டி மூச்சு வாங்காம ஏறினா மலை லைன் உனக்கு. இல்லன்னா கீழேயே மார்க்கெட் லைன்ல ஓட்டு."

மார்க்கெட் லைன் என்பது பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிற லைன். அதில் இருந்த கொஞ்சநஞ்ச சவாரியையும் மூன்று சக்கர வண்டிக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே போனவர்கள் யாரும் திரும்ப மலை ஏறியதில்லை. எனக்கு வேறு தொழில் தெரியாது, கற்றுக்கொள்கிற வயதும் தாண்டிவிட்டது.

நியார்க்கோ எழுந்திருக்கும்போது இன்னொன்றும் சொன்னார். "அசியாமாவை அந்த வளைவுக்குக் கீழேயிருந்து தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தன். இன்னொரு தடவை தூக்க எனக்குத் தெம்பில்ல."

அசியாமா என் மனைவி ஒஃபோரிவாவின் முதல் புருஷன். அவனும் மலை லைன் டிரைவர்தான். அவன் போய்ச் சில வருஷங்கள் கழித்துத்தான் நான் அவளைக் கட்டினேன். இன்னொரு டிரைவரைக் கட்டிக்கொள்ள அவள் ஏன் சம்மதித்தாள் என்று ஊர் கேட்டது. எனக்கும் அந்தக் கேள்வி உண்டு.

கிசியின் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோனேன். கிசி என் வயசுக்காரன். ஒரே பள்ளிக்கூடத்திலிருந்து ஒரே நாளில் ஓடிப்போனவர்கள் நாங்கள். அவன் ஃபிட்டர் ஆனான், நான் டிரைவர் ஆனேன். அன்றிலிருந்து என் எல்லா வண்டிகளுக்கும் அவன்தான் வைத்தியன், அவன் எல்லா அவசரங்களுக்கும் நான்தான் டாக்ஸி.

"மறுபடியுமா? இந்த வண்டியை எனக்கே கட்டி வச்சிருடா. அதுவும் என்னைப் பார்க்காம இருக்க மாட்டேங்குது."

இஞ்சினை ஓடவிட்டு, கையில் காய்ந்த துணியைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றினான். முதல் வயரைக் கழற்றியதும் இஞ்சின் திணறியது. மாட்டினான். இரண்டாவதற்கும் திணறியது. மூன்றாவதைக் கழற்றியபோது சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அது ஏற்கனவே செத்துக் கிடந்தது.

"நாலு பேர் நாட்டாமையோட பல்லக்கைத் தூக்கறாங்கன்னு வை. மூணாவது ஆளு சும்மா தோளைக் கொடுத்துட்டுக் கூட நடக்கிறான். சமதளத்துல யாருக்கும் தெரியாது. ஏத்தத்துல மத்த மூணு பேருக்கும் முதுகு உடையும்."

"தெரியும்டா. போன தடவையும் இதே கதையைத்தான் சொன்னே."

"போன தடவையும் இதே ஆளுதானே சும்மா நடந்தான்?"

மூன்றாவது பிளக்கை எடுத்து முதல் குழியில் போட்டான், அதனுடையதை இங்கே போட்டான். அங்கே போன பிளக் நன்றாக வேலை செய்தது, இங்கே வந்தது செத்தது. வயரை மாற்றிப் பார்த்தான். அப்படியும் அதே குழிதான். டார்ச் அடித்து உள்ளே பார்த்தான். பிளக் உட்கார்கிற குழியில் எண்ணெய் தேங்கியிருந்தது.

போன இரண்டு தடவையும் இதே எண்ணெய்தான். மேலே டாப் கவருக்குள் ஓடுகிற இஞ்சின் ஆயில், சீல் தேய்ந்து குழிக்குள் கசிகிறது என்று முடிவு கட்டினோம். உலகத்தில் எந்த ஃபிட்டரும் அப்படித்தான் முடிவு கட்டுவான். வயரின் முனையிலிருக்கிற ரப்பர் எண்ணெயில் ஊறினால் கரண்ட் பிளக்குக்குள் போகாமல் பக்கவாட்டில் இரும்புக்குப் பாய்ந்துவிடும். பாரம் கூடக் கூட அது குறுக்குவழிதான் தேடும். அதனால்தான் ஏற்றத்தில் உதறுகிறது. கிசி கவரைத் திறந்து மறுபடியும் புது சீல் போட்டான், குழியைத் துடைத்தான்.

வண்டி சனிக்கிழமை வரைக்கும் ஆடு மாதிரி மலை ஏறியது. திங்கட்கிழமை இருமியது.

எப்போதும் திங்கட்கிழமைதான் என்பது எங்களுக்கு உறைக்க வெகுநாள் ஆகிவிட்டது. திங்கட்கிழமை எல்லாருக்குமே உடம்பு சரியில்லாத நாள்தானே, வண்டிக்கும் அப்படி என்று விட்டுவிட்டோம். இந்தத் தடவை கிசி அசையாமல் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். விரலைக் குழிக்குள் விட்டு எடுத்து வெயிலில் காட்டினான்.

"சாச்சி, இஞ்சின் ஆயில் என்ன நிறம்?"

"கருப்பு. நீ மாத்தவே மாட்டியே, கருப்பாத்தான் இருக்கும்."

"இதைப் பாரு. பொன் மாதிரி இருக்கு. மோந்து பாரு."

மோந்தேன். கருகின வாடை இல்லை. மல்லிகையும் எலுமிச்சையும் கலந்த மாதிரி ஒரு வாசனை.

"ஐயையோ, யாரோ உன் இஞ்சினுக்குத் தலைக்கு எண்ணெய் தேய்ச்சுவிட்டிருக்காங்கடா. உனக்கு யாராவது மந்திரம் கிந்திரம் வச்சிட்டாங்களா? மார்க்கெட் லைன்காரன் எவனாவது?"

 அந்த வாசனையை எனக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சர்ச்சிலிருந்து வந்து சாப்பாடு போடும்போது ஒஃபோரிவாவின் உள்ளங்கையில் அந்த வாசனைதான் இருக்கும்.

அடுத்த ஞாயிறு நான் கிழங்கை இடித்துச் செய்த ஃபுஃபுவை முழுங்கிவிட்டு வழக்கம்போலக் கட்டிலில் சாய்ந்தேன். தூங்கவில்லை. எங்கள் வீடு மேலே ஒபோமெங்கில், சாலையை ஒட்டியே இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஆணியில் மாட்டியிருந்த சாவி சத்தம் போட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். சர்ச்சுக்குக் கட்டின வெள்ளைத் துணியை மாற்றாமலே அவள் பானட்டைத் திறந்து கம்பி கொடுத்து நிறுத்தினாள். பழகின கை. முந்தானை மாதிரி தோளில் கிடந்த துண்டைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். சின்ன பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துக் கண்ணை மூடி உதடு அசைய ஜெபித்தாள். இஞ்சின் நடுவில், மேலிருந்து கீழாக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு, சிலுவை மாதிரி ஊற்றினாள். ஊற்றினது வழிந்து, மூடி ரப்பர் விரிசல் விட்டிருந்த மூன்றாவது குழிக்குள் நிதானமாக இறங்கியது.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அடக்க முடியாத கோபம் வந்தது. கிசி கழற்றி மாட்டின சீல்களெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. நியார்க்கோ இடம் கொடுத்த பெஞ்சும் ஞாபகத்துக்கு வந்தது. செருப்புகூடப் போடாமல் வெளியே போனேன்.

"என்ன பண்றே?"

அவள் திடுக்கிடவில்லை. "தூங்கலையா நீங்க? எண்ணெய் போடறேன். பாஸ்டர் ஜெபிச்சுக் கொடுத்தது."

"இஞ்சின்லயா?"

"பின்னே? ஓடறது எது, கண்ணாடியா?"

"கதவுல பூசேன். ஸ்டீயரிங்ல பூசேன். இஞ்சினை விட்டுடேன்."

"ஸ்டீயரிங்ல பூசினா கை வழுக்கும். டிரைவர்தானே நீங்க, இதுகூடத் தெரியாதா?"

நான் வாயைத் திறந்துவிட்டேன். அடியே, உன் எண்ணெய்தான் என் வண்டியைக் கொல்லுது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவள் பாட்டிலை மூடிக்கொண்டே, வண்டியைப் பார்த்தபடியே பேசினாள்.

"அசியாமாவுக்கும் இப்படித்தான் ஊத்தினேன். ஒரு ஞாயிறு தவறினதில்ல. எங்கம்மாவுக்கு உடம்பு முடியலன்னு ஊருக்குப் போனேனே, அந்த ஒரு ஞாயிறு மட்டும் ஊத்தல. அந்த வாரமே அவர் போயிட்டார்." பாட்டில் மூடியை இன்னும் இறுக்கினாள். "இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, செர்வா அப்பா. ஒரே ஒரு வாரம்."

செர்வா எங்கள் பெண். உள்ளே பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். பானட்டையும் நானே மூடினேன்.

மறுநாள் கிசியிடம் போனேன். வண்டி இருமிக்கொண்டேதான் போனது. அவன் குழியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"அசியாமா வண்டியையும் நீதானே பார்த்தே?"

"ஆமா. பாவம். அதுவும் இருமல்தான். அதுலயும் குழியில எண்ணெய். சீல் மாத்தினேன், நிக்கல. மறுபடி மாத்தினேன், அப்பவும் நிக்கல. கடைசியா வந்தப்போ எனக்குக் கை நிறைய வேலை. அடுத்த வாரம் வாடா, டாப் கவரையே மாத்திடலாம்னு..."

அவன் கை நின்றது. துணியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கிசிக்கு ஒரு விஷயம் புரிந்தால் அவன் முகமே கூவிவிடும்.

"ஒஃபோரிவாவா?"

"வாயை மூடு."

"நான் ஒண்ணும் சொல்லலடா."

"சொல்லவும் மாட்டே. சாகிற வரைக்கும்."

அங்கே கிடந்த பழைய டயரில் உட்கார்ந்துவிட்டான். "அடுத்த வாரம் வான்னு நான்தானே சொன்னேன்" என்றான். ஸ்டேஷன் பேச்செல்லாம் அவன் வாயிலிருந்துதான் புறப்படும். அன்றைக்கு அவன் வேறு எதுவும் பேசவில்லை.

அசியாமாவின் வண்டியில் பிரேக்கும் போயிருக்கலாம். பாரம் அதிகமாக ஏற்றியிருக்கலாம். ஊற்றாத வாரத்திலும் ஊறின ரப்பர் ஊறினதுதான் என்பதும் உண்மை. செத்தவனை எழுப்பிக் கேட்க முடியாது. ஆனால் ஒஃபோரிவா 'இருக்கலாம்' என்பதோடு நிற்கிறவள் இல்லை. ஒரு ஞாயிறு ஊற்றாததற்கே இத்தனை வருஷமாகத் தன்னைத் தண்டித்துக்கொண்டிருக்கிறாள். ஊற்றின எல்லா ஞாயிறுகளையும் அவள் தலையில் தூக்கி வைக்க என்னால் முடியாது. வண்டியும் மலை ஏற வேண்டும், அவளுக்கும் தெரியக் கூடாது. எனக்கு மிச்சமிருந்தது அந்த இரண்டும்தான்.

கிசி குழியைச் சுற்றி ரப்பர் பசை போட்டு அடைத்தான். இஞ்சின் சூட்டில் அது வெடித்து உதிர்ந்தது. உடைந்த வண்டி ஒன்றிலிருந்து பிளாஸ்டிக் மூடி ஒன்றைக் கொண்டுவந்து இஞ்சின்மேல் பொருத்தினான். அந்த ஞாயிறே அவள் என்னை எழுப்பினாள்.

"இது என்ன புதுசா ஒரு தட்டு? கழட்டுங்க. எண்ணெய் இரும்புல படணும்னு பாஸ்டர் சொல்லியிருக்காரு."

கழற்றிக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் ஒரே வழிதான் பாக்கி. அவள் ஊற்றி முடித்து உள்ளே போனதும், "பெட்ரோல் போட்டுட்டு வந்துடறேன்" என்று சாவியை எடுப்பேன். கீழே தண்ணீர்த் தொட்டி வளைவில், மக்காச்சோள மாவில் அவித்த கெங்கே விற்கிற கோர்க்கோரின் கொட்டகைக்குப் பின்னால் கொஞ்சம் சமமான இடம் உண்டு. அங்கே நிறுத்தி, வயரைப் பிடுங்கி, குச்சியில் துணியைச் சுற்றிக் குழிக்குள் விட்டுத் துடைப்பேன். பிளக்கைக் கழற்றித் துடைப்பேன். ரப்பரை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைப்பேன். கிசி கொடுத்த இன்னொரு ரப்பரை மாட்டுவேன். ஒரு மனுஷனுக்கு வாரத்தில் ஒரு மத்தியானம்தான் தூக்கம். அதுவும் போனது.

குருத்தோலை ஞாயிறு முடிந்த மறுநாள் காலை நியார்க்கோ முன்சீட்டில் ஏறினார். மலையின் அந்த வளைவில் அவர் கை தானாக டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டது. வண்டி சத்தமில்லாமல் ஏறித் தாண்டியது. மேலே போய் இறங்கினதும் என் தோளில் தட்டினார்.

"எந்த டாக்டர்டா பார்த்தான்?"

"எல்லாம் கிசிதான் தலைவரே."

ஈஸ்டர் கூட்டத்தை நான்தான் அதிகம் ஏற்றினேன். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், களைப்பாக இருந்தது. தினமும் ஏறுகிற மலையைவிட ஞாயிற்றுக்கிழமைக் குழி எனக்குப் பெரிய ஏற்றமாக இருந்தது. அவள் கண்ணை மூடி ஜெபிப்பதை ஜன்னலில் பார்ப்பேன். அந்த ஜெபத்தைத்தான் அரைமணியில் துணியில் துடைத்து எறியப் போகிறேன் என்று தெரியும். திருடன் மாதிரி இருக்கும்.

மலையில் எதுவும் மறையாது. கோர்க்கோர் புருஷன் இல்லாதவள். ஞாயிற்றுக்கிழமை அவள் கடை திறப்பதும் இல்லை. மூடின கடைக்குப் பின்னால் வாராவாரம் சாச்சியின் டாக்ஸி நிற்கிறது என்றால் ஊர் வேறு என்ன சொல்லும்?

"பெட்ரோல் எந்தப் பங்க்ல போடறே சாச்சி? எங்களுக்கும் சொல்லேன்" என்று ஸ்டேஷனில் ஆரம்பித்தார்கள்.

கோர்க்கோரே ஒரு நாள் கெங்கே பொட்டலத்தை என் ஜன்னலில் வைத்துவிட்டு, "என் பேரையும் சேர்த்துக் கெடுத்துட்டே. ஒரு நாளாவது உள்ள வந்து தண்ணி குடிச்சியா? பழி வந்ததுக்கு அதுவாவது மிஞ்சியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

ஒஃபோரிவா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஈஸ்டர் முடிந்து மழை பிடிக்கத் தொடங்கின ஒரு ஞாயிறு, நான் பானட்டைத் திறந்து குழிக்குள் குச்சியை விட்டிருந்தபோது, சாலையில் ஒரு டாக்ஸி நின்றது. வெள்ளைத் துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் இறங்கி வந்தாள். சண்டைக்கு வந்த நடை. கொட்டகையைச் சுற்றி வந்து பார்த்தாள். பூட்டின கதவு, நான், திறந்த பானட். வேறு யாரும் இல்லை.

அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி வந்தது. அதை நான் பார்த்தேன். அந்த நிம்மதியை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ள எனக்கு ஒரு வழி இருந்திருந்தால் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். அதற்குள் அவள் கண் என் கையிலிருந்த துணிக்குப் போனது. பொன் நிறத்தில் நனைந்திருந்தது. வாசனை அவளுக்கும் எட்டியது.

"துடைக்கிறீங்களா?"

"ஆமா."

"ஏன்?"

யோசிக்கக் கொஞ்சம்தான் நேரம் இருந்தது. எண்ணெய் பட்டால் இஞ்சின் இருமும் என்று சொன்னால், எப்போதிலிருந்து என்று கேட்பாள். அசியாமாவின் வண்டி எப்படி இருமியது என்பது இந்த மலையில் எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நடந்து வீடு போய்ச் சேர்வதற்குள் அவள் தானே அந்த முடிவுக்குப் போய்விடுவாள்.

"எனக்கு இதுல நம்பிக்கை இல்ல" என்றேன். "உன் பாஸ்டரோட எண்ணெயை வண்டியில வச்சுக்கிட்டு ஓட்ட வெக்கமா இருக்கு. ஸ்டேஷன்ல மானம் போகுது."

"எத்தனை வாரமா?"

"நீ ஊத்தறதைப் பார்த்ததிலிருந்து."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்போ ஈஸ்டர் பூரா நீங்க வெறும் வண்டியிலதான் மலை ஏறினீங்க."

"ஆமா."

"நான் நிம்மதியா தூங்கிட்டு இருந்தேன்."

நான் துணியை மடித்தேன், பிரித்தேன், மறுபடியும் மடித்தேன்.

"கோர்க்கோரா இருந்திருக்கலாம்" என்றாள். "உங்களை நாலு அடி அடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"ஏறு, போகலாம். மழை வருது."

ஏறவில்லை. இறுக்கிக் கட்டின துணியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு மேடேறி நடந்தாள். நான் பிளக்கை மாட்டி, வயரை மாட்டி, முதல் கியரில் அவளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே போனேன். இஞ்சின் ஒரு உதறல்கூட இல்லாமல் ஓடியது. அன்றைக்காவது அது நின்று தொலைத்திருக்கலாம்.

அதற்கப்புறம் அவள் ஊற்றுவதில்லை. நம்பாதவன் வண்டியில் ஊற்றினால் எண்ணெய்க்குத்தான் அவமானம் என்று அவள் அக்காவிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சர்ச் பெண்கள் என் வணக்கத்துக்குப் பதில் சொல்வதில்லை. கிசிதான் அவ்வப்போது கேட்பான்.

"பாதியாவது சொல்லிடவாடா? அசியாமாவை விட்டுட்டு, உன் வண்டிக் கதையை மட்டும்?"

"பாதி சொன்னா மீதியை அவ சேர்த்துக்குவா. வேலையைப் பாரு."

ஒவ்வொரு வாரமும் நான் முழுசாக வீடு வந்து சேர்ந்தால், எண்ணெய் இல்லாமலும் மனுஷன் பிழைப்பான் என்று அவளுக்குத் தெரிந்துபோகும், பயம் குறையும், அசியாமாவின் அந்த ஒரு ஞாயிறும் மெல்ல அவளை விட்டுப் போகும் என்று நான் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கணக்கு தப்பு. வாரம் ஆக ஆக அவள் இளைத்துக்கொண்டுதான் போகிறாள். சோறு போடுகிறாள், துணி துவைக்கிறாள், செர்வாவைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். என்னோடு தேவைக்கு ஒரு வார்த்தை.

முன்பெல்லாம் நான் சாயங்காலம் கீழ் வளைவில் ஏறும்போதே வண்டியின் இருமல் வீட்டுக்குக் கேட்குமாம். கேட்டதும் அடுப்பில் சூப்பைச் சூடுபண்ண வைப்பாளாம். செர்வாதான் சொன்னாள். இப்போது என் வண்டிக்கும் மற்ற வண்டிகளுக்கும் ஒரே சத்தம். அதனால் இருட்டத் தொடங்கியதும் அவள் சாலையோரம் வந்து நிற்கிறாள். ஏறி வருகிற ஒவ்வொரு டாக்ஸியையும் கழுத்தை நீட்டிப் பார்க்கிறாள். நான் திரும்பி வீட்டு முன்னால் நிறுத்தியதும், என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விடுகிறாள்.

மழையிலும் நிற்கிறாளே என்று, கீழ் வளைவில் வரும்போதே நீளமாக ஹாரன் அடித்துப் பார்த்தேன். அப்படியும் நின்றாள். அடுத்த நாளும் அடித்தேன், அடுத்த நாளும் நின்றாள்.

"ஹாரன் கேட்கலையா உனக்கு? எதுக்கு நனையறே?" என்றேன்.

"ஹாரனை யாரு வேணா அடிக்கலாம்" என்றாள். அந்த வாரம் அவள் என்னிடம் பேசினது அவ்வளவுதான்.